கிளிங்கான் நெற்றியும் பேட்மேன் தாடையும்

பன்னிரண்டு வருஷத்துல ஒருத்தரோட நெற்றி முழுசா மாறிப்போகுமா? மனுஷன் இல்லை, வேற்றுகிரகவாசி. பெயர் கிளிங்கான். 1967 மார்ச்சில் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் முதன்முதலாகத் தலைகாட்டினபோது அவங்களுக்கு நம்மள மாதிரியே வழுவழு நெற்றி. முகத்துல கருஞ்சாயம், தொங்குமீசை, தூக்கி வரைஞ்ச புருவம். அவ்வளவுதான் வேஷம். 1979 டிசம்பரில் முதல் ஸ்டார் ட்ரெக் சினிமா வந்தது. ஆரம்பக் காட்சியே கிளிங்கான் கப்பல். கேப்டன் முகத்தைக் காட்டுறாங்க. நெற்றி நடுவில் முதுகெலும்பை எடுத்து ஒட்டவைத்த மாதிரி ஒரு மேடு, மூக்கில் ஆரம்பிச்சு உச்சந்தலை வரைக்கும் ஓடுது. படத்தில் இருக்கிற யாரும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை.

இந்த நெற்றிக்காக 26 வருஷம் சண்டை நடந்திருக்குது மக்கா. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். நடுவுல பேட்மேனோட தாடையும் வரும், பயப்படாதீங்க.

உண்மையான காரணம் ரொம்ப சாதாரணம். அறுபதுகளில் வாராவாரம் எடுத்த தொடரில் ஒப்பனைக்குக் காசும் கிடையாது, நேரமும் கிடையாது. சினிமாவுக்குக் கோடிக்கணக்கில் டாலர் கிடைத்ததும் வேற்றுகிரகவாசியை வேற்றுகிரகவாசி மாதிரியே செஞ்சாங்க. தொடரை உருவாக்கின ஜீன் ராடன்பெரியின் கட்சி என்னன்னா, கிளிங்கான்கள் எப்பவுமே இப்படித்தான் இருந்தாங்க, அப்ப நம்மால காட்ட முடியலைன்னு வச்சுக்கோங்க. நியாயமான பதில்தான். நாடகத்துல அட்டைக் கிரீடத்தைத் தங்கம்னு நம்பறோமில்லையா.

ஆனா ரசிகர்கள் விடலை. கிளிங்கான்ல ரெண்டு இனம் இருக்கு, வடக்கு தெற்கு மாதிரின்னு ஒரு கோஷ்டி. மனுஷங்களோட எல்லையில உளவு பார்க்க மனுஷ ஜீனைக் கலந்து உருவாக்கின கலப்பினம்தான் வழுவழு ஆட்கள்னு இன்னொரு கோஷ்டி. எண்பதுகளில் வந்த ஸ்டார் ட்ரெக் விளையாட்டுப் புத்தகங்களில் இந்தக் கலப்பின விளக்கத்தையே அச்சடிச்சுட்டாங்க. மூணாவது கோஷ்டி, ஒப்பனையைப் போய் ஆராய்ச்சி பண்ணாதீங்கப்பான்னு தலையில அடிச்சுக்கிட்டது. இதுல பெரிய கூத்து, 1984 படத்துக்காக மார்க் ஓக்ராண்ட்ங்கிற மொழியியல் அறிஞர் கிளிங்கான் மொழிக்கு ஒழுங்கா இலக்கணம் அமைச்சு, 1985ல் அகராதியே வெளியிட்டுட்டார். மொழிக்கு அகராதி வந்தாச்சு, நெற்றிக்கு மட்டும் விளக்கம் வரலை :-)

(நம்மூரில் எண்பதுகளில் தூர்தர்ஷன் போட்டது அந்தப் பழைய தொடர். அதனால எங்க செட்டுக்குத் தெரிஞ்ச கிளிங்கான் வழுவழு நெற்றிக்காரர்தான். 1979 படத்தில் மொட்டைத்தலையோட வர்ற ஐலியா நம்ம பம்பாய்ப் பொண்ணு பெர்ஸிஸ் கம்பாட்டா. நெற்றி வளர்ந்த அதே படத்துல இந்தியாவோட பங்கு ஒரு மொட்டை.)

நிற்க. ஒரு தொலைக்காட்சித் தொடரோட ஒப்பனை மாறினதுக்குக் கணக்குக் கேக்க இவங்க யாருன்னு தோணும். அந்த உரிமை எங்கேர்ந்து வந்ததுன்னு பார்க்க 1967 கடைசிக்குப் போகணும்.

ஸ்டார் ட்ரெக் 1966 செப்டம்பர் 8 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் ஆரம்பிச்சது. பார்வையாளர் கணக்கு சுமார்தான். ரெண்டாவது வருஷம் ஓடும்போதே மூடிடப் போறாங்கன்னு பேச்சு. பீஜோ ட்ரிம்பிள், ஜான் ட்ரிம்பிள்னு ஒரு தம்பதி, ரெண்டு பேரும் அறிவியல் புனைகதை ரசிகர்கள். கடிதம் எழுதும் இயக்கம் ஒண்ணை ஆரம்பிச்சாங்க. பத்துப் பேர்கிட்ட எழுதச் சொல்லு, அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேர்கிட்ட சொல்லணும், இதுதான் திட்டம். இப்ப ஃபார்வர்டு அனுப்புறோமே அதேதான், தபால்தலை ஒட்டி. 1968 ஜனவரியில் கால்டெக் மாணவர்கள் இருநூறு பேருக்கு மேல பர்பாங்க்ல இருக்கிற என்.பி.சி. அலுவலகத்துக்குத் தீப்பந்தம் பிடிச்சு ஊர்வலம் போனாங்க. நாளைக்கு ராக்கெட் விடப்போற பசங்க, டிவி தொடருக்காகத் தீப்பந்தம்!

1967 டிசம்பரிலிருந்து 1968 மார்ச் வரைக்கும் ஏறத்தாழ 1,16,000 கடிதம் வந்ததுன்னு என்.பி.சி. கணக்கு. பத்து லட்சம்னு சொல்றவங்களும் உண்டு, இதெல்லாம் ஊதிப் பெருக்கினது, சில ஆயிரம்தான்னு சொல்றவங்களும் உண்டு. 1968 மார்ச் 1 அன்று அந்த வார எபிசோட் முடிஞ்சதும் ஒரு குரல் வந்து, தொடர் அடுத்த வருஷமும் வரும், தயவுசெஞ்சு எழுதறதை நிறுத்துங்கன்னு அறிவிச்சது. அதுக்கப்புறம் மூட்டை மூட்டையா நன்றிக் கடிதம் வந்ததாம்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கு. தொடரைத் தயாரிச்ச ஹெர்ப் ஸோலோவும் ராபர்ட் ஜஸ்ட்மனும் 1996ல் சேர்ந்து எழுதின புத்தகத்தில், இந்த இயக்கத்துக்குப் பின்னால ராடன்பெரியே இருந்தார், பண உதவியும் செஞ்சார்னு சொல்றாங்க. அதாவது சேனலுக்கு எதிரா ரசிகர்கள் நடத்தின கலகத்தில் தயாரிப்பாளர் கையும் இருந்தது. அதனால எழுதினவங்க எல்லாம் பொம்மைன்னு ஆகிடாது. உட்கார்ந்து கையால எழுதினது அவங்கதானே. ஆனா இந்த முடிச்சை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

கேட்டது கிடைச்சது. என்ன கிடைச்சது? வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி. தொடரைப் பார்க்கிற இளவட்டம் எல்லாம் வீட்டிலயே இல்லாத நேரம். ராடன்பெரி கோவிச்சுக்கிட்டு அன்றாட வேலையிலிருந்து விலகிட்டார். பட்ஜெட்டில் கைவச்சாங்க. மூணாவது சீசனோட முதல் எபிசோடில் ஸ்பாக்கோட மூளையையே ஒரு கூட்டம் திருடிக்கிட்டுப் போகும், மூளையில்லாத ஸ்பாக்கை ரிமோட் வச்சு நடத்திக் கூட்டிட்டுப் போவாங்க. தொடரிலேயே மகா மட்டமான எபிசோட் எதுன்னு கேட்டா இன்னிக்கும் பலர் கை அதைத்தான் காட்டும். 1969 ஜூன் 3 அன்று கடையைக் கட்டினாங்க.

ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. முதல் ரெண்டு சீசன் 29ம் 26ம், ஆக 55 எபிசோட். மூணாவதில் வந்த 24ஐயும் சேர்த்து 79. உள்ளூர் ஸ்டேஷன்கள் தினம் ஒண்ணுன்னு மறுஒளிபரப்பு பண்ண அந்த எண்ணிக்கைதான் தோதாச்சு. எழுபதுகளில் அப்படி சாயங்கால நேரத்துல ஓடி ஓடித்தான் புதுத் தலைமுறை ரசிகர்களே உருவானாங்க. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த மாநாட்டுக்கு சில நூறு பேரை எதிர்பார்த்தாங்க, மூவாயிரத்துக்கு மேல கூட்டம். ஆக, கடிதம் எழுதினவங்க கேட்டு வாங்கினது மோசமான 24 எபிசோட். அந்த மோசமான 24 எபிசோடால்தான் ஸ்டார் ட்ரெக் பிழைச்சது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் சிலிர்ப்பும் வரும்.

1976ல் இன்னொரு தடவை. நாசாவோட முதல் விண்வெளி ஓடத்துக்கு 'கான்ஸ்டிட்யூஷன்'னு பெயர் வைக்கிறதா இருந்தது. ரசிகர்கள் வெள்ளை மாளிகைக்கு எழுதித் தள்ளி, அதிபர் ஃபோர்டு காலத்தில் அது 'எண்டர்பிரைஸ்' ஆச்சு. தொடரில் வர்ற கப்பலோட பெயர். செப்டம்பர் 17 அன்று ஓடத்தை வெளியே கொண்டுவந்த விழாவில் நடிகர்களே வந்து நின்னாங்க. ஆனா அந்த ஓடம் காற்று மண்டலத்துல இறக்கிப் பார்க்கிற சோதனைக்காகச் செஞ்சது. கடைசிவரைக்கும் விண்வெளிக்குப் போகவே இல்லை. ஆசைப்பட்ட பெயரை, பறக்காத கப்பலுக்கு வாங்கிக் கொடுத்தாங்க!

இப்படி ரெண்டு வெற்றி பார்த்த கூட்டம் 1982ல் சும்மா இருக்குமா? ரெண்டாவது படத்தில் ஸ்பாக் சாகப்போறார்னு செய்தி முன்னாடியே கசிஞ்சுடுச்சு. கொதிச்சு எழுந்தாங்க. கடிதம், மிரட்டல், ஸ்பாக் செத்தா பாரமவுண்டுக்கு எத்தனை கோடி நஷ்டம்னு கணக்குப் போட்டு விளம்பரம் வேற. இயக்குநர் நிக்கலஸ் மேயர் பண்ணினதுதான் எனக்கு இந்த வரலாறு முழுக்கப் பிடிச்ச சமாச்சாரம். படம் ஆரம்பிச்ச சில நிமிஷத்துலயே ஸ்பாக்கை விழவச்சுட்டார். அப்புறம் பார்த்தா அது பயிற்சிக்கான போலி யுத்தம். எழுந்து வர்ற ஸ்பாக்கைப் பார்த்து, நீ செத்துட்டேல்ல என்கிற மாதிரி கிர்க் கிண்டலாக் கேப்பார். அடடா, கசிஞ்ச செய்தி இதுதானான்னு தியேட்டர்ல எல்லாரும் நிம்மதியா சாய்ஞ்சு உக்காந்துட்டாங்க. கடைசியில் நிஜமாவே சாகும்போது அடி ரெண்டு மடங்கா விழுந்தது. ரசிகர்கள் போட்ட சத்தத்தையே வச்சு அவங்களை ஏமாத்தினார், படம் நல்லா வந்தது. (1984ல் ஸ்பாக்கைத் திரும்பக் கொண்டுவந்தது தனிக்கதை. அந்தப் படத்தை இயக்கினதே ஸ்பாக்கா நடிச்ச லியோனார்ட் நிமாய்தான்.)

சரி, நெற்றிக்குத் திரும்புவோம்.

1987ல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடர் வந்தது. அதுல மைக்கேல் டார்ன் நடிச்ச வோர்ஃப், பெரிய மேட்டு நெற்றியோட, எண்டர்பிரைஸ் கப்பல்லயே வேலை பார்க்கிற கிளிங்கான். ரெண்டு இனக் கோஷ்டி, கலப்பினக் கோஷ்டி எல்லாரும் அவங்கவங்க கொள்கையோட நிம்மதியா இருந்தாங்க. 1994ல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடர் அதுல மண்ணைப் போட்டுது. அறுபதுகளில் கிளிங்கானா நடிச்ச ஜான் காலிகோஸ், வில்லியம் கேம்பெல், மைக்கேல் அன்ஸாரா மூணு பேரையும் அதே பாத்திரங்களாத் திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. அதே ஆள், அதே பெயர், வயசாகி நரைச்சுப் போயிருக்காங்க. நெற்றியில் மட்டும் மேடு! ரெண்டு இனம்னு சொன்னவங்க கதி அதோகதி. அப்ப இவருக்கு நடுவுல வளர்ந்ததா?

1996ல் ஸ்டார் ட்ரெக்கோட 30வது ஆண்டு. 'டீப் ஸ்பேஸ் நைன்' ஆட்கள் காலத்துல பின்னோக்கிப் போய் 1967 எபிசோடுக்குள்ளயே நுழையறாங்க. பழைய ஃபிலிமில் புது நடிகர்களை ஒட்டி எடுத்த அருமையான எபிசோட். அங்கே ஒரு சத்திரத்துல வழுவழு கிளிங்கான்கள் உக்காந்திருக்காங்க. கூட வந்தவங்க அவங்களையும் பார்க்கிறாங்க, பக்கத்துல நிற்கிற வோர்ஃப் நெற்றியையும் பார்க்கிறாங்க. என்னய்யா ஆச்சு உங்களுக்குன்னு கேட்டா, அதை நாங்க வெளியாட்கள்கிட்ட பேசறதில்லைன்னு வோர்ஃப் முறைச்சுக்கிட்டே சொல்லிட்டு விலகிடுவார். அவ்வளவுதான். பதினேழு வருஷக் கேள்விக்கு ஒரே வரி. எழுதின புண்ணியவான்கள் அங்கேயே நிறுத்தியிருக்கணும்னு சொல்ற கட்சிக்காரன் நான். ஏதோ மானக்கேடு நடந்திருக்கு, என்னன்னு தெரியலைங்கிறது எந்த விளக்கத்தையும் விட ருசியா இருந்தது.

நிறுத்தலையே! 2005 பிப்ரவரியில் 'எண்டர்பிரைஸ்' தொடர் ரெண்டு எபிசோட் ஒதுக்கி விளக்கமே சொல்லிடுச்சு. மரபணு மாத்தி உருவாக்கின அதிமனிதக் கருக்கள் கிளிங்கான்கள் கையில சிக்குது. அதை வச்சுத் தங்களையும் பலமாக்கிக்கப் பார்க்கிறாங்க. அது தொற்றுநோயாப் பரவுது. மருந்து கண்டுபிடிக்கிறாங்க, உயிர் தப்புது, ஆனா நெற்றி போயிடுது. லட்சக்கணக்கான கிளிங்கான் வழுவழு ஆயிடறாங்க. கதையா மோசமில்லை, கணக்கும் இடிக்காம உட்காருது. ஆனா பார்த்து முடிச்சதும் ஏதோ வருமான வரிப் படிவம் நிரப்பின திருப்திதான் வந்தது. அதைவிட, இந்தத் தொடரை நிறுத்தப் போறோம்னு அறிவிச்சது பிப்ரவரி 2. நெற்றி எபிசோட் ஒளிபரப்பானது பிப்ரவரி 18. ரசிகர்கள் 26 வருஷமாக் கேட்ட பதிலைக் கொடுக்கும்போது கடைக்குப் பூட்டு வாங்கியாச்சு. தொடரைக் காப்பாத்த ரசிகர்கள் காசு திரட்டியும் பார்த்தாங்க, நடக்கலை. 1968 திரும்பலை.

இனி தாடை.

1988ல் வார்னர் பிரதர்ஸ் 'பேட்மேன்' படத்துக்கு மைக்கேல் கீட்டனை நாயகனாப் போட்டாங்க. இயக்கம் டிம் பர்ட்டன். கீட்டன் அதுவரைக்கும் சிரிப்புப் படங்களுக்குப் பேர் போனவர். உயரம் கம்மி, முடி கொட்டுது, முக்கியமா தாடை இல்லை! காமிக்ஸ்ல பேட்மேன் தாடை செங்கல் மாதிரி இருக்கும். ஐம்பதாயிரம் கண்டனக் கடிதம் வந்ததா சொல்வாங்க. நவம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் முதல் பக்கத்துலயே இந்தச் சண்டை செய்தியாச்சு. ரசிகர்கள் பயத்துக்குக் காரணம் உண்டு, அதைச் சொல்லாம கேலி பண்ணக்கூடாது. 1966லிருந்து 1968 வரை ஆடம் வெஸ்ட் நடிச்ச தொலைக்காட்சி பேட்மேன் முழுக்க நையாண்டி. குத்து விட்டா திரையில எழுத்து வரும். இருபது வருஷமா, பேட்மேன் படிக்கிறேன்னு சொன்னாலே ஊர் சிரிச்சது. 1986ல் ஃப்ராங்க் மில்லரோட 'டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' வந்து, இது பெரியவங்க படிக்கிற சமாச்சாரம்னு இப்பத்தான் கொஞ்சம் மரியாதை கிடைச்சிருக்கு. அந்த நேரத்துல காமெடியனைப் போட்டா? திரும்பவும் நம்மளைப் பார்த்துச் சிரிப்பாங்களேன்னு வந்த பயம் அது.

அதே 1988 செப்டம்பரில் காமிக்ஸ் பக்கம் ஒரு வாக்கெடுப்பு. பேட்மேனோட எடுபிடி ராபின் (ரெண்டாவது ராபின், ஜேஸன் டாட்) சாகணுமா பிழைக்கணுமான்னு போன் போட்டுச் சொல்லலாம், ஒரு கால் 50 சென்ட். சாகட்டும்னு 5,343, பிழைக்கட்டும்னு 5,271. வெறும் 72 ஓட்டில் பையன் காலி. பின்னாடி ஆசிரியர் டெனிஸ் ஓ'நீல், ஒரே ஆள் கம்ப்யூட்டரை விட்டு விடாம டயல் பண்ணவச்சு நூத்துக்கணக்கில் ஓட்டுப் போட்டதாகக் கேள்விப்பட்டேன்னு சொன்னார். 72 ஓட்டு வித்தியாசத்துக்கு ஒருத்தன் போதுமே. 1968ல் ஒரு முடிச்சை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன் இல்லையா? ரசிகர் குரல்ங்கிற கணக்கில் யார் விரல் இருக்குங்கிறது அன்னிக்கும் இன்னிக்கும் சுத்தமாத் தெரியறதில்லை.

கீட்டன் விஷயத்துல ஸ்டுடியோ பணியலை. அவசர அவசரமா ஒரு டிரெய்லரைத் தயார் பண்ணித் தியேட்டருக்கு அனுப்பினாங்க. அதைப் பார்க்கவே டிக்கெட் வாங்கிட்டு, படத்தைப் பார்க்காம எழுந்து போனவங்க உண்டு. பர்ட்டனோட வாதம் எளிமையானது. செங்கல் தாடையும் மலை உடம்பும் இருக்கிறவன் எதுக்குய்யா வௌவால் வேஷம் போடணும்? சாதாரண ஆளுக்குத்தான் வேஷம் தேவை. 1989 ஜூன் 23 அன்று படம் வந்து, உலகம் முழுக்க 41 கோடி டாலர் அள்ளினது. வேடிக்கை என்னன்னா, அந்தக் கருப்பு ரப்பர் முகமூடியில் வெளியே தெரியறது வாயும் தாடையும்தான். யாரும் குறை சொல்லலை. 2023ல் 'தி ஃப்ளாஷ்' படத்தை விற்கிறதுக்கு 71 வயசு கீட்டனைத் திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. 2006ல் ஹீத் லெட்ஜரை ஜோக்கர்னு அறிவிச்சப்பவும் இதே ஒப்பாரி. மனுஷன் இறந்தப்புறம் 2009ல் ஆஸ்கர் கொடுத்தாங்க. 2013ல் பென் அஃப்லெக், 2019ல் ராபர்ட் பேட்டின்ஸன்னு ஒவ்வொரு தடவையும் கோரஸ் மாறவே இல்லை.

கடைசியா ஸ்னைடர் விவகாரம். 2017 மே மாதம், மகளைத் தற்கொலையில் பறிகொடுத்த ஸாக் ஸ்னைடர் 'ஜஸ்டிஸ் லீக்' படத்தைப் பாதியில் விட்டு விலகினார். ஜாஸ் வீடன் வந்து நிறைய மாத்தி எடுத்து, நவம்பரில் வந்த படம் இரண்டும்கெட்டான். ஸ்னைடர் வெட்டின பிரதியைக் காட்டுன்னு ட்விட்டரில் ஆரம்பிச்சது. 2019ல் சான் டியேகோ காமிக் கான் மாநாட்டு வானத்துல விமானம் வச்சு பேனர் இழுத்தாங்க. அதே ஆட்கள் தற்கொலைத் தடுப்பு அமைப்புக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல திரட்டிக் கொடுத்தாங்க, அதையும் சொல்லணும். இன்னொரு பக்கம், பிடிக்காதவங்களை விரட்டி விரட்டித் திட்டினதும் இதே கூட்டத்தோட பெயரால்தான். ஸ்டுடியோ பணிஞ்சது. கூடுதலா 7 கோடி டாலர் செலவு, 2021 மார்ச் 18 அன்று 242 நிமிஷப் படம். நல்லாத்தான் இருந்தது, ஒரு மணிநேரம் கத்தரிச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். 2022 ஜூலையில் 'ரோலிங் ஸ்டோன்' ஒரு கட்டுரை போட்டது. அந்த இயக்கத்துல பேசின கணக்குகளில் குறைஞ்சது 13 சதவீதம் போலின்னு ஸ்டுடியோவே வரவழைச்ச அறிக்கை சொன்னதாம். மீதி 87 நிஜம்னும் படிக்கலாம். ஸ்னைடர் ஆரம்பிச்ச கதை அதுக்கப்புறம் தொடரலை. 2025ல் வேற சூப்பர்மேனோட வேற கதை ஆரம்பிச்சுட்டாங்க.

நெற்றி என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. 2017ல் 'டிஸ்கவரி' தொடர் கிளிங்கான்களை மறுபடி மாத்தினது. இந்தத் தடவை தலை பின்பக்கம் நீண்டு, முடியே இல்லாம மொட்டை. சண்டை முதல்ல இருந்து ஆரம்பம். 2019ல் ரெண்டாவது சீசனில் முடி முளைச்சுது. யுத்த காலத்துல மழிச்சிருந்தாங்களாம். 2023 ஆகஸ்டில் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரில் எல்லாரும் பாட்டுப் பாடற ஒரு எபிசோட். அதுல கிளிங்கான் கப்பலைக் காட்டறாங்க. பழைய மேட்டு நெற்றி, நீளமுடி, எல்லாம் திரும்ப வந்தாச்சு. கதைப்படி அந்த வருஷத்துல அவங்க வழுவழுன்னு இருக்கணுமா வேண்டாமான்னு யாரும் விளக்கலை. கிளிங்கான் தளபதி பாப் பாட்டுக்கு ஆடிக்கிட்டிருந்தார்.